லக்சம்பர்கில் குடியேறும் குடும்பங்கள் குழந்தைக்குப் பள்ளி தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லக்சம்பர்க் ஏழு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் சிறு நாடு. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி லக்சம்பர்கிய மொழி தேசிய மொழியாக இருக்க, அரசு நிர்வாகம் அதனுடன் பிரெஞ்சையும் ஜெர்மனையும் சேர்த்து மூன்று மொழிகளில் நடக்கிறது. வங்கி, முதலீட்டு நிதியங்கள், தகவல் தொழில்நுட்பம், எஃகு ஆகிய துறைகளில் வேலை கிடைத்துச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இங்கு வரும் பெற்றோர் அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்தே சமாளித்துவிடுவர். குழந்தையின் பள்ளிக்கு அது போதாது.

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "இங்கே எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்பதுதான். மதிப்பெண் பட்டியலையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்த்துப் பள்ளி தேடிய பழக்கம் நமக்கு உண்டு. இந்த நாட்டில் அக்கேள்வி அதிகம் உதவாது. குழந்தை எந்த மொழியில் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கப்போகிறது, எந்த மொழியில் கணக்குப் போடப்போகிறது என்பதைப் பெற்றோர் முதலில் முடிவு செய்ய வேண்டும். பள்ளியின் பெயர் அந்த முடிவிலிருந்து தானாக வந்துவிடும். மொழியில் எடுத்த முடிவை மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து மாற்றுவது கடினம் என்பதால் கீழே உள்ள படிகளை வரிசையாகவே கடப்பது நல்லது.

முதற்படி: எத்தனை ஆண்டு, என்ன வயது

ஒரு தாளில் இரண்டு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். இங்கு வந்து சேரும் நாளில் குழந்தையின் வயது என்ன என்பது ஒன்று. குடும்பம் இங்கே எத்தனை ஆண்டு தங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நேர்மையான விடை கிடைப்பது அரிது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்து பதினைந்து ஆண்டு தங்கிவிடுவோரும் உண்டு. நிரந்தரம் என்று வந்து மூன்றே ஆண்டில் லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றலாகிப் போவோரும் உண்டு. ஆகவே ஒரே எண்ணை எழுதாமல், பெரும்பாலும் எத்தனை ஆண்டு, குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு என்று இரண்டு எண்களை எழுதுங்கள்.

கட்டாயக் கல்வி இங்கே நான்கு வயதில் தொடங்குகிறது. செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் நான்கு வயது நிறைந்த குழந்தை அந்த ஆண்டே பள்ளியில் சேர வேண்டும். 16 வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வியை, 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2026-27 கல்வியாண்டு முதல் 18 வயதாக உயர்த்துகிறது. எல்.கே.ஜி. வயதுதானே, ஓராண்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

இரண்டாம் படி: உள்ளூர் அரசுப் பள்ளி எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

உள்ளூர் அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று மனத்தில் முடிவு செய்துவிட்டவர்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். மற்றப் பள்ளிகள் அனைத்தும் இதனோடு ஒப்பிட்டே எடைபோடப்படுகின்றன.

அடிப்படைப் பள்ளி நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதற்கட்டம் நான்கு, ஐந்து வயதுக்குரியது. மூன்று வயதுக் குழந்தைக்கு விரும்பினால் சேரக்கூடிய ஒரு முன் ஆண்டும் உண்டு. அடுத்த மூன்று கட்டங்களும் ஒவ்வொன்றும் இரண்டாண்டுக் காலம் கொண்டவை. குழந்தை ஏறத்தாழ 12 வயதில் அவற்றை முடிக்கிறது. முதற்கட்டத்தில் வகுப்பின் பொது மொழி லக்சம்பர்கிய மொழி. ஆறு வயதில் இரண்டாம் கட்டத்துக்குச் சென்றதும் குழந்தை ஜெர்மனில் எழுதப் படிக்கக் கற்கிறது. கணக்கும் அறிவியலும் ஜெர்மன் பாடநூல்களில்தான். பிரெஞ்சு பேச்சாக அறிமுகமாகி, எட்டு வயதையொட்டி மூன்றாம் கட்டத்தில் எழுத்துப் பாடமாகிறது. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் கணக்குப் பாடம் பிரெஞ்சுக்கு மாறுகிறது. மேல்வகுப்புகளில் மற்றப் பாடங்கள் பலவும் பிரெஞ்சுக்கு மாறுகின்றன.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு தருக்கம் இருக்கிறது. லக்சம்பர்கிய மொழி ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது; அதை வீட்டில் பேசும் குழந்தைக்கு ஜெர்மன் எழுத்து எளிதில் பிடிபடும். ஆனால் வீட்டில் போர்த்துக்கீசியமோ பிரெஞ்சோ தமிழோ பேசும் குழந்தைகள் இன்று வகுப்பறைகளில் பெரும்பகுதியாக இருக்கிறார்கள். லக்சம்பர்க் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் தேசியத் தரத் தேர்வுகளில், வீட்டில் லக்சம்பர்கிய மொழியோ ஜெர்மனோ பேசாத குழந்தைகள் ஜெர்மன் வாசிப்பில் மட்டுமல்லாமல் கணக்கிலும் பின்தங்குவது தொடர்ந்து தெரிகிறது. குழந்தைக்குக் கணக்கு வராததல்ல இதற்குக் காரணம். கேள்வியே வேறு மொழியில் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் 2022-23இல் நான்கு பள்ளிகளில், குழந்தை முதல் எழுத்தைப் பிரெஞ்சில் கற்கும் முன்னோடித் திட்டத்தை அரசு தொடங்கியது. 'ஆல்ஃபா' என்று அழைக்கப்படும் அத்திட்டத்தை 2026-27 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கவும் முடிவெடுத்தது. இதன்படி, குழந்தை ஜெர்மனில் எழுதக் கற்க வேண்டுமா, பிரெஞ்சில் கற்க வேண்டுமா என்பதைப் பெற்றோர் ஆசிரியரோடு பேசித் தீர்மானிக்கலாம். மற்ற மொழி பேச்சில் தொடங்கிப் பின்னர் எழுத்தாக வந்து சேரும். தமிழ்க் குழந்தைக்கு இரண்டுமே அந்நிய மொழிகள் என்பதால் நமக்கு இதனால் என்ன பயன் என்று தோன்றலாம். பயன் உண்டு. தாயோ தந்தையோ புதுச்சேரியிலோ பாரிஸிலோ பிரெஞ்சு கற்றவராக இருந்தால், அல்லது குழந்தை இங்கே பிரெஞ்சு பேசும் க்ரெஷ்ஷில் (குழந்தைகள் காப்பகத்தில்) வளர்ந்திருந்தால், பிரெஞ்சு வழியே இயல்பான வழி. இரண்டும் இல்லாதபோது, உங்கள் ஊரில் தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் குழந்தைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். தெற்கில் எஷ், டிஃபெர்தான்ஜ் பக்கம் பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் மிகுதியாகக் கேட்கும். வடக்கிலும் கிழக்கிலும் லக்சம்பர்கிய மொழியின் பிடி இன்னும் வலுவாக இருக்கிறது.

அடிப்படைப் பள்ளியின் இறுதியில் இன்னொரு வாசல் இருக்கிறது. ஏறத்தாழ 12 வயதில், குழந்தை பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தமாக்கும் கல்விசார் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுமா, தொழில்சார் பாதைகளும் உள்ள பொது இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுமா, அடிப்படையை வலுப்படுத்தும் ஆயத்த வகுப்புகளுக்குச் செல்லுமா என்பது முடிவாகிறது. ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். இணக்கம் ஏற்படாவிட்டால் ஒரு குழுவிடம் போகிறது. கல்விசார் பிரிவுக்கு ஜெர்மன், பிரெஞ்சு, கணக்கு மூன்றிலும் நல்ல நிலை வேண்டும். கணக்கில் முதலிடம் பெறும் குழந்தைகூட ஜெர்மன் வாசிப்பில் தடுமாறினால் வேறு பிரிவுக்கு அனுப்பப்படலாம். பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே பாதையில் செல்லும் அமைப்பிலிருந்து வரும் நம் பெற்றோருக்கு, 12 வயதில் நடக்கும் இந்தப் பிரிவினைதான் பெரும் அதிர்ச்சி. பின்னர் பாதை மாறிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அது நெடுவழி.

இந்தப் பள்ளியின் நன்மைகளையும் சொல்ல வேண்டும். கல்வி இலவசம், பாடநூல்களும் இலவசம். அண்டை வீட்டுக் குழந்தைகளே வகுப்புத் தோழர்கள். அரசுக் கல்வியில் ஏழு ஆண்டுகள் படித்தவர்களுக்கு லக்சம்பர்கிய மொழித் தேர்வு எழுதாமலே குடியுரிமை கோரும் வழியை 2017ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் திறந்திருக்கிறது. (இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அந்த வழியில் செல்ல வேண்டுமா என்பது தனிக் கணக்கு.) இந்நாட்டில் அரசுப் பணிக்குப் பொதுவாக மூன்று மொழிகளும் தேவைப்படுகின்றன, அவை மூன்றையும் வேறு எந்தப் பள்ளியும் இத்தனை ஆழமாகக் கற்றுக்கொடுப்பதில்லை.

மூன்றாம் படி: கட்டணமில்லாத ஆங்கில வழி உண்டு என்று அறியுங்கள்

ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமானால் தனியார் பள்ளிதான் என்ற நம்பிக்கை புதிதாக வருவோரிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பத்தாண்டுக்கு முன் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. 2016இல் தெற்கில் டிஃபெர்தான்ஜ் சர்வதேசப் பள்ளி தொடங்கியதிலிருந்து நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பியப் பள்ளிகளின் பாடத்திட்டத்தை அரசே நடத்தும் பொதுப் பள்ளிகளில் கற்பிக்கும் இந்த ஏற்பாடு, அதன்பின் மோண்டோர்ஃப், யுங்லின்ஸ்டர், க்ளெர்வோ, மெர்ஷ், தலைநகரில் உள்ள காஸ்தோன் தோர்ன் பள்ளி எனப் பரவியது. கல்விக் கட்டணம் எதுவும் இல்லை. முடிவில் கிடைப்பது ஐரோப்பிய பாக்கலோரியா. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா உறுப்பு நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் அந்தந்த நாட்டுப் பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு இணையான உரிமையை அது தருகிறது.

இதன் அமைப்பை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். மாணவர் ஒரு மொழிப் பிரிவில் சேர்கிறார்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்பன வழக்கமான பிரிவுகள், எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இருப்பதில்லை. அந்தப் பிரிவின் மொழி முதன்மொழியாகிறது. தொடக்கப்பள்ளி முதல் வகுப்பிலிருந்தே இரண்டாம் மொழி வருகிறது. இடைநிலையின் தொடக்கத்தில் மூன்றாம் மொழி சேர்கிறது. லக்சம்பர்கிய மொழியும் ஒரு பாடமாக உண்டு. பெற்றோர் அடிக்கடி கவனிக்காமல் விடும் செய்தி இது: இடைநிலை மூன்றாம் ஆண்டிலிருந்து வரலாறும் புவியியலும் இரண்டாம் மொழியில் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கிலப் பிரிவில் சேர்ந்த குழந்தை ஏறத்தாழ 13 வயதில் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வரலாறு படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஆகவே ஆங்கிலப் பிரிவை முழு ஆங்கிலப் பள்ளி என்று எண்ணிக்கொண்டு, 12 வயதுக் குழந்தையை இரண்டாம் மொழியில் ஒரு சொல்லும் தெரியாத நிலையில் சேர்த்தால், ஓராண்டில் சுமை தெரிந்துவிடும். சேர்க்கும் முன் "இரண்டாம் மொழியில் தொடக்கநிலையில் இருப்பவருக்கு என்ன ஆதரவு வகுப்பு உண்டு?" என்று கேளுங்கள்.

இதே கட்டணமில்லா வரிசையில் வேறு இரண்டு வழிகளும் உண்டு. தலைநகரில் லிம்பெர்ட்ஸ்பெர்க் பகுதியில் உள்ள மிஷெல் லூசியுஸ் பள்ளி, பிரிட்டிஷ் முறையில் ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் தேர்வுகளுக்கு ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. 2017 முதல் தொடக்க வகுப்புகளும் அங்கே உள்ளன. 1603இல் இயேசு சபையினரின் கல்லூரியாகத் தொடங்கிய ஆத்தெனே பள்ளியில் ஆங்கில வழியில் ஐ.பி. (சர்வதேச பாக்கலோரியா) டிப்ளோமா படிக்கலாம். இந்தியாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ 14, 15 வயதில் வரும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் பெரும் உதவி என்பது என் கருத்து. அந்த வயதில் ஜெர்மனைப் புதிதாகத் தொடங்கி, அதே மொழியில் வேதியியலும் படிக்கச் சொல்வது பிள்ளையின் நான்கு ஆண்டுகளைப் பணயம் வைப்பதாகும்.

இந்தப் பள்ளிகளில் இடம் கிடைப்பது உறுதியில்லை. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுதியாக வருகின்றன. வேறு பிரிவுகளையும் இரண்டாம் விருப்பமாகக் குறித்து, ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மனத்தில் வைத்திருப்பதே அறிவுடைமை.

நான்காம் படி: ஐரோப்பியப் பள்ளிகள் உங்களுக்குரியவையா

கிர்ஷ்பெர்கிலும் மாமெரிலும் உள்ள இரண்டு ஐரோப்பியப் பள்ளிகளை மேலே சொன்ன அரசுப் பள்ளிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தின் பணியாளர் குழந்தைகளுக்காக 1953இல் லக்சம்பர்க் நகரில் தொடங்கப்பட்டதுதான் ஐரோப்பியப் பள்ளிகளில் முதலாவது. இன்றும் ஒன்றிய நிறுவனங்களின் பணியாளர் குழந்தைகளுக்கே முன்னுரிமை. அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனங்களின் குழந்தைகள் இரண்டாம் வகையினர். மற்ற எல்லாரும் மூன்றாம் வகையினர். கட்டணம் செலுத்த வேண்டும், இடம் மிஞ்சினால் மட்டுமே சேர்க்கை. தணிக்கை நிறுவனம் ஒன்றிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை செய்பவர் இதை முதல் திட்டமாக வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: தனியார் பள்ளியின் கணக்கைப் பத்தாண்டுக்குப் போட்டுப் பாருங்கள்

1963இல் தொடங்கிய லக்சம்பர்க் சர்வதேசப் பள்ளி ஐ.பி. வழியிலும், 1990இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் பள்ளி பிரிட்டிஷ் வழியிலும் கற்பிக்கின்றன. காஸ்பெரிஷ் பகுதியில் உள்ள வோபான் பள்ளி பிரான்ஸின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. சாந்த்-சோஃபி போன்ற கத்தோலிக்கப் பின்னணி கொண்ட பள்ளிகள் அரசு மானியத்தால் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. லிம்பெர்ட்ஸ்பெர்கில் ருடால்ஃப் ஸ்டைனரின் கல்விமுறையைப் பின்பற்றும் வால்டோர்ஃப் பள்ளி ஒன்றும் உண்டு. ஆங்கில வழிச் சர்வதேசப் பள்ளியின் மேல்வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் யூரோவைத் தாண்டக்கூடும்; பதிவுக் கட்டணம், உணவு, பேருந்து, சுற்றுலா எல்லாம் அதற்கு மேல்.

நிறுவனம் கட்டணத்தைத் தருகிறது என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்: எத்தனை ஆண்டுக்குத் தருகிறார்கள், இரண்டாம் குழந்தைக்கும் உண்டா, உள்ளூர் ஒப்பந்தமாக மாறும்போது அது தொடருமா, வேலையை விட்டால் ஆண்டின் நடுவில் யார் கட்டுவது? சலுகை மூன்றாண்டில் நின்றுபோகும்போது எட்டு வயதான குழந்தை, ஆங்கிலம் மட்டுமே எழுதத் தெரிந்த நிலையில், ஜெர்மனும் பிரெஞ்சும் எழுதும் வகுப்புக்குள் நுழைய வேண்டியிருக்கும். தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறுவதில் பணத்தைவிட மொழியே பெரிய தடை. ஆகவே சலுகை நின்றாலும் உங்கள் வருமானத்தில் கட்டணத்தைத் தொடர முடியுமா என்ற கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் மட்டும் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். ஓரிரு ஆண்டில் நிச்சயமாகத் திரும்பப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குத் தனியார் பள்ளியே எளிய வழி.

ஆறாம் படி: வயதை வைத்து வழியைக் குறுக்குங்கள்

நான்கு வயதுக்குள் வரும் குழந்தைக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. 2017 முதல் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு, இதற்கான அரசுத் திட்டத்தில் இணைந்த க்ரெஷ்களில் வாரம் 20 மணி நேரம் பன்மொழிக் கவனிப்பு கட்டணமின்றிக் கிடைக்கிறது. லக்சம்பர்கிய மொழியும் பிரெஞ்சும் விளையாட்டோடு காதில் விழும். அதன்பின் முதற்கட்டத்தின் இரண்டாண்டுகளையும் உள்ளூர்ப் பள்ளியில் கழித்தால், எழுத்தறிவு தொடங்கும்போது குழந்தை வெறுங்கையோடு நிற்காது. நீண்டகாலம் தங்கும் எண்ணம் உள்ள குடும்பத்துக்கு இந்த வயதில் நான் தயங்காமல் சொல்வது உள்ளூர் அரசுப் பள்ளிதான்.

ஆறு, ஏழு வயது எல்லைக்கோடு. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தை, தனி ஆதரவோடு ஜெர்மனுக்கோ பிரெஞ்சுக்கோ மாறிக்கொள்ள முடியும். எட்டு முதல் பதினொன்று வரை கடினமான வயது: ஜெர்மன் வாசிப்பும் பிரெஞ்சு எழுத்தும் ஒருசேர வந்து நிற்கும், 12 வயது வாசலும் நெருங்கிவிடும். இந்த வயதில் வரும் குழந்தைக்கு அரசுச் சர்வதேசப் பள்ளியின் ஆங்கிலப் பிரிவையே முதலில் முயலுங்கள்.

12 வயதுக்கு மேல் வருபவர்களுக்கு நடைமுறையே வேறு. கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பள்ளி ஒருங்கிணைப்பு, வரவேற்புச் சேவை பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்துப் பேசி, கணக்கிலும் மொழிகளிலும் நிலையைப் பார்த்து, பள்ளியைப் பரிந்துரைக்கிறது. மொழிகளைத் தீவிரமாகக் கற்பிக்கும் வரவேற்பு வகுப்புகளும், 16 வயதையொட்டி வருபவர்களுக்கான தனி வகுப்புகளும் உண்டு. அந்தச் சந்திப்புக்கு முந்தைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல்களை மொழிபெயர்ப்போடு கொண்டு செல்லுங்கள். என்ன விரும்புகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் செல்லுங்கள். எதையும் சொல்லாமல் அமர்ந்திருந்தால் அவர்கள் தங்களுக்கு எளிதான வகுப்பைக் காட்டுவார்கள். அதில் தவறு காண முடியாது.

இந்தியாவுக்குத் திரும்பிக் கல்லூரியில் சேரும் எண்ணம் இருந்தால் 15 வயதுக்குள் பாடத் தேர்வைக் கவனியுங்கள். ஐ.பி. டிப்ளோமாவையும் ஏ லெவலையும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் நன்கு அறியும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இணைத்தகுதிச் சான்றிதழ் தருகிறது. ஐரோப்பிய பாக்கலோரியா எழுதுவோர் அந்தச் சான்றிதழுக்குரிய நிபந்தனைகளை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவம் நோக்கமானால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இறுதிவரை இருந்தாக வேண்டும். ஐரோப்பியப் பாடத்திட்டத்தில் இடைநிலை ஆறாம் ஆண்டில் அறிவியல் பாடங்கள் விருப்பப் பாடங்களாகப் பிரிவதால், அப்போது ஒன்றைக் கைவிட்டால் கதவு மூடிவிடும்.

ஏழாம் படி: பள்ளியை முடிவு செய்யாமல் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்

உள்ளூர் அடிப்படைப் பள்ளியில் இடம் உங்கள் முகவரியைப் பொறுத்தது. நீங்கள் குடியிருக்கும் கம்யூன் (உள்ளாட்சி மன்றம்)தான் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கிறது. தலைநகரில் எந்தத் தெரு என்பது எந்தப் பள்ளி என்பதைத் தீர்மானிக்கிறது. வேறு கம்யூனில் சேர்க்க விரும்பினால் தனியே மனுச் செய்து காரணம் காட்ட வேண்டும். வாடகை குறைவு என்று எல்லை தாண்டி பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ ஜெர்மனியிலோ வீடு பார்ப்போரும் இருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு இங்குள்ள அரசுப் பள்ளியில் தானாகவே இடம் கிடைத்துவிடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சர்வதேசப் பள்ளிகளுக்கு வேறு கணக்கு. 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்து இலவசம். ஆனால் இலவசம் என்பதால் பயணம் குறுகிவிடுவதில்லை. மோண்டோர்ஃபில் இடம் கிடைத்த ஏழு வயதுக் குழந்தையை ஸ்ட்ராசனிலிருந்து நாள்தோறும் அனுப்புவது எப்படி என்பதை, காலை ஏழரை மணிப் போக்குவரத்தில் ஒருமுறை சென்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிற்பகல் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடிப்படைப் பள்ளிகளில் வழக்கமாகச் செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் வகுப்பு இல்லை. மற்ற நாட்களிலும் நண்பகலில் நீண்ட இடைவேளை உண்டு. இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு 'மெஸோன் ரெலே' எனப்படும் பராமரிப்பு மையத்தில் இடம் இல்லாமல் முடியாது. 2022 செப்டம்பர் முதல், அடிப்படைப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரங்களில் இந்தப் பராமரிப்பு இலவசம். விடுமுறைக் காலத்துக்கு வருமானத்தைப் பொறுத்த கட்டணம் உண்டு. பள்ளியில் இடம் உறுதி. மையத்தில் இடம் உறுதியல்ல. இரண்டையும் ஒரே நாளில் கேளுங்கள். சைவ உணவு வேண்டுமெனில் அதையும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

எட்டாம் படி: பதிவும் ஆவணங்களும்

நாட்டுக்கு வந்ததும் கம்யூன் அலுவலகத்தில் வருகைப் பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்தே பள்ளிப் பதிவும் தொடங்குகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, குடும்பத்தினர் அனைவரின் பெயரும் உள்ள வசிப்பிடச் சான்றிதழ், 13 இலக்க அடையாள எண், தடுப்பூசி அட்டை, முந்தைய பள்ளியின் அறிக்கைகள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட பிறப்புச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் அது செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையை ஊரிலேயே வாங்கி வருவது அலைச்சலைக் குறைக்கும். மொழிபெயர்ப்பு கேட்டால் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும்.

பதிவுப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்வி இருக்கும். தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலம் என்று எழுதினால் நல்ல வகுப்பு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் ஆசிரியர் குழந்தையின் மொழி நிலையைத் தவறாகக் கணிப்பார், ஆதரவு வகுப்பும் தவறிப்போகும்.

கல்வியாண்டு செப்டம்பர் நடுப்பகுதியில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. சர்வதேசப் பள்ளிகளின் சேர்க்கை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுவதால், வேலை உறுதியானவுடன், விசாவுக்குக் காத்திருக்காமல், அந்தந்தப் பள்ளியின் காலக்கெடுவை விசாரித்துவிடுங்கள். ஆண்டின் நடுவில் வருபவரையும் உள்ளூர் அடிப்படைப் பள்ளி ஏற்றாக வேண்டும். சர்வதேசப் பள்ளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

குழந்தைக்குக் கற்றல் குறைபாடோ உடற்குறையோ இருந்தால் அதை மறைக்காமல் பதிவின்போதே சொல்லுங்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சிறப்புத் திறன் மையங்கள் பார்வை, செவித்திறன், பேச்சு, ஆட்டிசம், கற்றல் இடர்ப்பாடு எனத் தனித்தனியே இயங்குகின்றன. பள்ளிகளிலும் ஆதரவுக் குழுக்கள் உள்ளன. தனியார் பள்ளிகளில் இதே உதவிக்குக் கூடுதல் கட்டணம் இருக்கக்கூடும்.

ஒன்பதாம் படி: பள்ளியை நேரில் பாருங்கள்

திறந்த நாள் நிகழ்ச்சியில் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது இடைவேளை: குழந்தைகள் தங்களுக்குள் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்பதைக் கேட்டால், உங்கள் குழந்தை ஓராண்டில் எந்த மொழியைப் பேசும் என்பது தெரியும். வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் இந்த ஆண்டு புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர், ஆதரவு வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்காக எந்தப் பாடத்திலிருந்து குழந்தையை வெளியே அழைத்துப் போகிறார்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கணக்கு வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று பிரெஞ்சு கற்பிப்பது ஒரு பள்ளத்தைத் தோண்டி இன்னொன்றை மூடுவது போலாகும்.

மத வகுப்பு பற்றித் தயங்குவோர் கவலைப்பட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் மத போதனைக்குப் பதிலாக, வாழ்வும் சமுதாயமும் என்ற பொதுப் பாடம் 2016, 2017 ஆண்டுகளில் எல்லாருக்குமாகக் கொண்டுவரப்பட்டது.

பத்தாம் படி: முதல் ஆண்டைக் கண்காணியுங்கள்

அடிப்படைப் பள்ளியில் நம் ஊர் மாதிரி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் அட்டை வராது. ஒவ்வொரு பருவத்திலும் திறன்களை விவரிக்கும் மதிப்பீட்டு அறிக்கை வரும். ஆசிரியர் அதைப் பெற்றோரோடு அமர்ந்து பேசுவார். இடைநிலைப் பள்ளியில்தான் 60க்கு மதிப்பெண். 30 எடுத்தால் தேர்ச்சி. 38 வாங்கி வந்த பிள்ளையை 38 விழுக்காடா என்று திட்டிய பெற்றோர் உண்டு.

இந்தச் சந்திப்புகளுக்கு மொழி தெரியாமல் போக வேண்டாம். பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் இடையே பேசுவதற்குப் பன்மொழி இடையாளர்களை அமைச்சகம் கட்டணமின்றி அனுப்புகிறது; ஆசிரியர் வழியாக முன்கூட்டியே கேட்க வேண்டும். குழந்தையையே மொழிபெயர்க்க வைப்பது ஒருபோதும் வேண்டாம். தன்னைப் பற்றிய குறையை எந்தக் குழந்தையும் முழுதாக மொழிபெயர்க்காது.

முதல் ஆறு மாதங்கள் குழந்தை வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தால் அச்சப்பட வேண்டாம். புது மொழியைக் காதால் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. அந்த மௌனத்தைக் கண்டு பெற்றோர் வீட்டிலும் ஆங்கிலத்துக்கோ அரைகுறை பிரெஞ்சுக்கோ மாறிவிடுவதுதான் பெருந்தீங்கு. இங்குள்ள ஆசிரியர்களும் வீட்டு மொழியை விடாமல் பேசவே சொல்கிறார்கள். தமிழை எந்தப் பள்ளியும் இங்கே கற்பிக்கப் போவதில்லை. ஆகவே எழுத்தை வீட்டில் நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும்; பள்ளி எழுத்தறிவு ஓரளவு நிலைபெற்ற பின், ஏழு எட்டு வயதில் தொடங்கினால் இரண்டும் குழம்பாது.

கவலைக்குரிய அறிகுறிகள் வேறு. ஓராண்டு முடிந்தும் பள்ளி மொழியில் ஒரு நண்பரும் இல்லை, முன்பு விரும்பிய கணக்கை இப்போது வெறுக்கிறது, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்றால் ஆசிரியரிடம் பேசுங்கள். கட்டத்தை இரண்டாண்டுக்குப் பதில் மூன்றாண்டில் முடிக்கும் வாய்ப்பை அவர் முன்வைக்கலாம். நம்மவர்கள் அதை ஃபெயில் என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடுகிறார்கள். மொழிக்காக மட்டும் தரப்படும் கூடுதல் ஆண்டாக இருந்தால், அதிலும் இரண்டாம் கட்டத்திலேயே தரப்பட்டால், ஏற்றுக்கொள்வது 12 வயது வாசலில் பெரிதும் உதவும். பள்ளியையே மாற்றுவதாக இருந்தால் அந்த முடிவை மூன்றாம் கட்டம் தொடங்கும் முன் எடுத்து, அடுத்த செப்டம்பருக்கான விண்ணப்பத்தை அந்தக் குளிர்காலத்திலேயே தயாராக்கிவிடுங்கள்.